புது பிஸ்டலில் ட்ரிகர் நறநறக்கிறதா? கை வைக்க வேண்டிய இடமும் வைக்கக் கூடாத இடமும்

உரிமத்துக்கு அலைந்து, காசு சேர்த்து, ஆசையாக வாங்கிய சின்ன .32 பிஸ்டல். கும்பகோணத்துக்குக் கொண்டுவந்து ட்ரிகரை அழுத்திப் பார்த்தால், சோற்றில் கல் கடிபட்ட மாதிரி நறநறவென்று இருந்தது. கனமும் அதிகம். மூன்று வாரத்தில் அந்த நறநறப்பு போய்விட்டது. எப்படி என்று சொல்கிறேன்.

முதலில், கனம் வேறு, நறநறப்பு வேறு. டபுள் ஆக்‌ஷன் பிஸ்டலில் முதல் குண்டுக்கு ட்ரிகரை அழுத்தும்போது, ஸ்பிரிங்கை எதிர்த்து, தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலைத் தூக்குவதும் உங்கள் விரல்தான். அதனால் 4, 5 கிலோ வரைகூட விசை தேவைப்படும். தோட்டா தவறாமல் வெடிக்க அந்த ஸ்பிரிங்கின் பலம் வேண்டும். நறநறப்பு அப்படியல்ல. உள்ளே உரசும் பாகங்களில் மிஞ்சிய பிசிறும், கம்பெனி பூசிய கெட்டி கிரீஸும்தான் பெரும்பாலும் காரணம். நாம் போக்கப்போவது இதை மட்டும்தான்.

தோட்டாக்களை எல்லாம் வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றுங்கள், அப்புறம்தான் ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை, இழுக்க வேண்டும். வரிசை மாறினால், மேகசினில் இருக்கும் அடுத்த தோட்டா, குழலின் பின்முனையில் உள்ள சேம்பருக்குள் ஏறிவிடும். சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டு விரலை விட்டும் தடவிப் பாருங்கள். ஒவ்வொரு முறை கையில் எடுக்கும்போதும் இதைச் செய்யுங்கள்.

இப்போது எடை. மீன்காரர்கள் வைத்திருக்கும் கொக்கித் தராசு போதும். கொக்கியை ட்ரிகரின் நடுவில் மாட்டி, நேர் பின்பக்கமாக மெதுவாக இழுத்து, 'டக்' என்று விழும் நேரத்து எண்ணைக் குறியுங்கள். பத்து முறை இழுத்துச் சராசரி எடுங்கள்.

அடுத்து சுத்தம். கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் கழற்றுங்கள்: ஸ்லைடு, குழல், அதன் ஸ்பிரிங். உள்ளே இருக்கும் பின்களைத் தட்டாதீர்கள். பழைய பல் துலக்கும் பிரஷ், துப்பாக்கிக்கான சால்வென்ட், துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டித் துணி, இவை போதும். கிரீஸைத் துடைத்ததும், சுத்தியலின் அச்சிலும், ட்ரிகரின் இழுப்பை உள்ளே கொண்டுபோகும் ட்ரிகர் பார் உரசும் இடத்திலும் ஊசி முனையில் ஒரு சொட்டு துப்பாக்கி எண்ணெய். வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். நம் ஊரில் அறுவடைக் காலத்தில் பதரும் தூசியும் வீட்டுக்குள் வந்துவிடும். எண்ணெய் கூடினால் அது ஒட்டிப் பசையாகும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். மார்கழிக் குளிரில் உறையும், நாள்பட்டால் பிசுபிசுக்கும்.

இனி பொறுமை வேண்டிய வேலை. சேம்பரில் ஸ்நாப் கேப் (வெடிமருந்து இல்லாத போலித் தோட்டா) போட்டு, அடுத்த பக்கம் ஆள் இல்லாத கனமான செங்கல் சுவரை நோக்கி, தினம் ஐம்பது முறை. விரலின் முதல் கணு மேல் உள்ள சதையை ட்ரிகரில் வைத்து, மூன்று எண்ணும் நேரத்துக்கு நேராக அழுத்துங்கள். ஸ்லைடின் முன்முனையில் குறிபார்க்க நிற்கும் முன் குறி அசையக் கூடாது. ஆயுதப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு மாமா, என் முன் குறிக்குப் பின்னால் ஸ்லைடின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, "விழாம அழுத்து தம்பி" என்றார். முதல் நாள் பத்தில் எட்டு முறை விழுந்தது.

ஐநூறு முறை ஆனதும் மறுபடி துடைத்தால், துணியில் கறுப்பாக இறங்கும். தேய்ந்த உலோகப் பொடிதான் அது. தராசில் என்னுடையது 200 கிராம்கூடக் குறையவில்லை. ஆனால் இழுப்பு ஒரே சீராக வந்ததால் பாதி கனம் போன மாதிரி இருந்தது.

சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் சியரை எமரித் தாளால் தேய்ப்பது, ஸ்பிரிங்கை வெட்டுவது, இரண்டையும் தயவுசெய்து செய்யாதீர்கள். சியரின் விளிம்பு மயிரிழை மாறினாலும், கைதவறி விழும்போது வெடிக்கலாம். துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே 1959 ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவின்படி தனி உரிமம் வேண்டும்.

ஆயிரம் முறை தாண்டியும் ஒரே இடத்தில் தட்டுகிறதா? இழுப்பின் தொடக்கத்திலா, நடுவிலா, விழும் முன்பா என்று குறித்துக்கொண்டு உரிமம் பெற்ற கடைக்குக் கொண்டுபோங்கள். எந்தப் பாகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு அதை வைத்தே தெரிந்துவிடும்.