சிறிய டிராக்டர் வாங்குவதற்கு முன்: குதிரைத்திறனையும் உழைப்பையும் எடைபோடும் முறை

கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் திராட்சையும் இருபோக நெல்லும் அருகருகே விளைகின்றன. இரண்டையும் வைத்திருக்கும் ஒருவர் முதன்முறையாகச் சிறிய டிராக்டர் வாங்கும்போது, பந்தலுக்கு அடியில் நுழையும் அதே வண்டி சேற்றிலும் உழ வேண்டியிருக்கிறது. குதிரைத்திறன் விலைப்பட்டியலிலேயே இருக்கும். வண்டியின் உழைப்பை, அதாவது அது எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை, நாம்தான் விசாரித்து அறிய வேண்டும்.

படி 1: அளவெடுங்கள்
குலைகள் கனத்துத் தொங்கும் பருவத்தில் பந்தலின் மிகத் தாழ்ந்த இடத்தையும், தூண்களுக்கு இடைப்பட்ட வழியையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சைலன்சர் மேல்நோக்கி நிற்கும் வண்டி பந்தலுக்கு ஆகாது.

படி 2: குதிரைத்திறனைப் பிரித்துப் பாருங்கள்
மண்ணைக் கிளறும் சுழல் கலப்பையான ரோட்டவேட்டரையும் மருந்து தெளிப்பானையும் சுழற்றுவது பி.டி.ஓ. தண்டுக்கு, அதாவது கருவிகளை ஓட்ட டிராக்டரின் பின்புறம் சுழலும் தண்டுக்கு, வந்து சேரும் திறன்தான். மகிந்திரா ஜிவோ 245 வண்டியின் இன்ஜின் 24 குதிரைத்திறன் என்றால், பி.டி.ஓ.வில் கிடைப்பது 22. ஒரே எண்ணுள்ள இரண்டு வண்டிகள்கூட ஒன்றுபோல இழுப்பதில்லை. ஜிவோ இரண்டு சிலிண்டரில், 1366 சிசியில், நிமிடத்துக்கு 2300 சுற்றில் அந்த 24ஐத் தருகிறது. குபோட்டா பி2441 மூன்று சிலிண்டரில், 1123 சிசியில், 2600 சுற்றில் தருகிறது. அந்தச் சுற்றுகளில் முறுக்குவிசையைக் கணக்கிட்டால் முன்னதற்குச் சுமார் 73 நியூட்டன் மீட்டரும், பின்னதற்குச் சுமார் 65ம் வரும். சேற்றில் திணறாமல் இழுக்க முன்னது உதவும். அதிர்வு குறைவாக, சீராக ஓட மூன்று சிலிண்டர் உதவும். பந்தல் வேலையே அதிகம் என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

படி 3: மீதித் திறன் இருக்கிறதா என்று பாருங்கள்
திறனையும் உழைப்பையும் எதிரெதிராக வைத்துப் பார்ப்பது தவறு என்பது என் உறுதியான எண்ணம். தாங்கும் எல்லையிலேயே நாள் முழுவதும் ஓடும் இன்ஜின் சூடேறி, எண்ணெய் கெட்டு, விரைவில் தேய்ந்துபோகும். ஆகவே உங்கள் கடினமான வேலைக்குத் தேவையானதைவிடச் சற்றுக் கூடுதல் திறன் இருப்பதே ஆயுளைக் கூட்டும். அதற்காக அளவுக்கு மீறி வாங்கினாலும் பயனில்லை, ஏனென்றால் எடை குறைந்த வண்டியில் மிகுந்த திறன் சக்கரத்தை வழுக்கிச் சுழலச் செய்து டயரைத்தான் தேய்க்கும். எடை மிகுந்தாலோ சேற்றில் புதையும், திராட்சை வேர்ப் பகுதி மண்ணும் இறுகும்.

படி 4: சேறு நுழையும் இடங்களைச் சோதியுங்கள்
நெல் வயலில் ஓடும் சிறிய வண்டி பெரும்பாலும் இன்ஜினால் படுப்பதில்லை, எண்ணெய் வெளியேறாமலும் சேறு உள்ளே புகாமலும் காக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலால் படுக்கிறது. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியின் முன் அச்சில் சேறு புகுந்தால் உள்ளிருக்கும் எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்துவிடும். பிறகு பேரிங்கும் பற்சக்கரமும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஆகவே அதே மாடலை இரண்டு போகம் ஓட்டிய ஒருவரிடம் சென்று, முன் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பின் உட்புறத்தில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று குனிந்து விரலால் தடவிப் பாருங்கள். சேறு தொடாதபடி எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ளதையே தேர்ந்தெடுங்கள். மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரச் சோதனை நிலையம் டிராக்டர்களைச் சேற்றுழவிலும் ஓட்டிப் பார்த்து, பின்னர் பிரித்துத் தேய்மானத்தை அளந்து அறிக்கை தருகிறது. உங்கள் மாடலின் அறிக்கையை விற்பனையாளரிடம் கேளுங்கள்.

படி 5: உங்கள் வயலிலேயே ஓட்டிப் பாருங்கள்
நீங்கள் வாங்கவிருக்கும் அதே ரோட்டவேட்டரை மாட்டி, வெயில் ஏறிய பிறகு ஒரு மணி நேரமாவது ஓட்டச் சொல்லுங்கள். கரும்புகை விடாமல் வந்தாலோ, சுற்று சட்டென்று விழுந்து எழாமல் போனாலோ, சூட்டு முள் ஏறிக்கொண்டே இருந்தாலோ, அகலம் குறைந்த ரோட்டவேட்டரை மாட்டி மறுபடி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அடுத்த மாடலைக் கேளுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், முன் அச்சு ஆயில் சீலும் கிளட்ச் தட்டும் உங்கள் ஊருக்கு அருகே எந்தக் கடையில் கையிருப்பில் இருக்கின்றன என்று நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.