செனெக்காவின் மரண ஓவியங்களைப் பார்ப்பது எப்படி

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு மூல ஓவியங்களைப் பார்க்க முடியாது, போனில்தான் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும், ஆனால் முதலில் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்: கி.பி. 65இல் ரோமப் பேரரசன் நீரோவின் கட்டளையால் தத்துவஞானி செனெக்கா தன் உயிரைத் தானே விட்டார், ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் அதை விரிவாக எழுதியிருக்கிறார்.

சரி, ஃபிளெமிஷ் ஓவியர் ரூபன்ஸின் ஓவியத்தில் கால்களில் இருந்து தொடங்குங்கள். சின்னப் பாத்திரத்துக்குள் செனெக்கா நிற்கிறார். அந்த உடம்பு, செனெக்கா என்று அந்தக் காலத்தில் நம்பிய ஒரு பழைய சிலையைப் பார்த்துக் கீறியது. உண்மையில் அது ஒரு கிழட்டு மீனவனின் சிலை! பாசையூர்க் கரையில் வலை இழுக்கும் முதியவர்களைக் கண்ட எங்களுக்கு அந்தத் தளர்ந்த தோலும் புடைத்த நரம்பும் உடனே விளங்கும்.

அப்புறம் பக்கத்தில் குனிந்து எழுதுபவனை விட்டுவிடாதீர்கள், கடைசிச் சொற்களை அவன்தான் பிடித்துவைக்கிறான். பிரெஞ்சு ஓவியர் டாவிட் 1773இல் கீறியதில் செனெக்காவின் மனைவி பவுலினாவைத் தேடுங்கள்.