எலி பிடிக்கும் நாய்: ஒரு சீனச் சொல்வழக்கைக் கையாளும் முறை

சீன மொழியில் ‘சியெஹோயூ’ என்றொரு வகைச் சொல்வழக்கு உண்டு. முற்பாதியில் விடுகதைபோல ஒரு காட்சியைச் சொல்லி, பிற்பாதியில் அதன் பொருளை அவிழ்ப்பார்கள். பிறர் காரியத்தில் தலையிடுவோரைக் குறிக்க அதில் வழங்குவது, ‘நாய் எலியைப் பிடிக்கிறது, வேண்டாத வேலையில் மூக்கை நுழைக்கிறது’ என்பதாகும். வாசலைக் காப்பது நாயின் வேலை, எலி பூனையின் பாடு.

இதைச் சொல்ல விரும்புபவர் ‘கோவ் நா ஹாவ்ட்ஸ’ என்ற முற்பாதியோடு நிறுத்திக்கொள்ளலாம். மீதியைக் கேட்பவரே நிரப்பிக்கொள்வார், சுவையும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஆனால் எதிரில் இருப்பவரை நாயாக்கும் பேச்சு என்பதால், மூத்தவரிடமோ மேலதிகாரியிடமோ இதைச் சொல்வது வம்பை விலைக்கு வாங்குவதாகும். அண்டை வீட்டுச் சண்டையில் அறிவுரை கூற நேர்ந்தால், ‘நான்தான் எலி பிடிக்கும் நாய்’ என்று முதலிலேயே தன்னைக் கேலி செய்துகொள்வது பாதுகாப்பானது.

கோழிக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல வரும் மரநாயைப் பற்றிய வழக்கோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது கெட்ட எண்ணத்தைச் சுட்டுவது, நாயிடம் அந்தக் குற்றம் இல்லை.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘லூஷி சுன்ச்சியூ’ நூலிலோ, எலி பிடிப்பதற்கென்றே ஒருவர் நாய் வாங்குகிறார். ஆண்டுகள் சென்றும் அது எலியைத் தொடவில்லை. அதன் நாட்டமெல்லாம் மானின் மீதும் பன்றியின் மீதும்தான் என்று அறிந்து பின்னங்காலில் தளை பூட்டிய பிறகே அது எலி பிடித்ததாம்.