டிரைவரில் சஸ்பெண்ட், ரெஸ்யூம் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயம்புத்தூர், திருப்பூர் வட்டாரத்தில் லினக்ஸ் ஓடும் சின்ன போர்டுகள் இப்போது எங்கேயும் கிடக்கின்றன. பனியன் கம்பெனியில் மெஷின் கணக்கு எடுக்க ஒன்று, பல்லடத்துத் தறிக்கூடத்தில் நூல் அறுந்ததைப் பதிய ஒன்று, ஆனைமலைப் பக்கத் தென்னந்தோப்பில் சோலார் பேட்டரியை நம்பிச் சொட்டுநீர் வால்வைத் திறந்து மூட ஒன்று. கரண்ட் எப்போதும் இருக்கிற இடத்தில் போர்டு தூங்காவிட்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை. தோப்பில் அப்படி விட முடியாது, தென்மேற்குப் பருவமழை மூட்டம் போட்டுவிட்டால் பேனல் பெரிதாக ஒன்றும் தராது, வேலை இல்லாத நேரமெல்லாம் போர்டு தூங்கியே ஆக வேண்டும். அதனால் கடைசி நேரத்தில் சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவரில், தூங்க சஸ்பெண்ட், எழ ரெஸ்யூம் என்று இரண்டு ஃபங்ஷன் சேர்க்கிறார்கள், ஒன்றில் சாதனத்தை ஓட்டும் துடிப்பான கிளாக்கை நிறுத்துகிறார்கள், இன்னொன்றில் திரும்பப் போடுகிறார்கள், மேஜையில் ஒரு தடவை தூங்கி எழுந்துவிட்டால் வேலை முடிந்தது என்று அனுப்பிவிடுகிறார்கள்.

இதில் வரும் பிரச்சினைகளில் பாதிக்கு மேல் ஒரே நினைப்பிலிருந்து வருகின்றன. என் சஸ்பெண்ட் ஃபங்ஷன் முடிந்துவிட்டது, இனி இந்தச் சாதனத்தை யாரும் தொட மாட்டார்கள் என்ற நினைப்பு. தொடுவார்கள்.

லினக்ஸின் மையமான கர்னல் தூங்கப் போகிற வரிசையைப் பாருங்கள். முதலில் பயனர் புரோகிராம்களை உறைய வைக்கும். அப்புறம் ஒவ்வொரு டிரைவரிலும் பிரிப்பேர், சஸ்பெண்ட், சஸ்பெண்ட்_லேட் என்று கூப்பிட்டுக்கொண்டே போகும். ‘என்னைக் கவனி’ என்று சாதனங்கள் தட்டும் சிக்னலான இன்டரப்ட்டை (சுருக்கமாக ஐஆர்க்யூ) எல்லாம் அடைப்பது அதற்கும் பிறகுதான், கடைசியாக வருவது சஸ்பெண்ட்_நோஐஆர்க்யூ. ஆக, உங்கள் சஸ்பெண்ட் ஃபங்ஷன் கிளாக்கை நிறுத்திவிட்டுத் திரும்பிய பிறகும் இன்டரப்ட் லைன் உயிரோடுதான் இருக்கிறது. அந்த லைனைப் பக்கத்துச் சாதனமும் பகிர்ந்துகொண்டிருந்தால், அது தட்டினாலும் தட்டலுக்குப் பதில் சொல்லும் உங்கள் ஃபங்ஷனான ஹேண்ட்லர் ஓடும், யார் தட்டியது என்று பார்க்க, சாதனம் தன் நிலையைக் குறித்து வைக்கும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படிக்கும். கிளாக் இல்லாத ரெஜிஸ்டரைப் படித்தால் பல ஏஆர்எம் சிப்களில் பஸ் எரர் வந்து கர்னல் விழும், அல்லது அப்படியே உறைந்து நிற்கும். பிசிஐ சாதனமாக இருந்தால் எல்லா பிட்டும் 1 என்றே படிக்கக் கிடைக்கும், இன்டரப்ட் தன்னுடையதுதான் என்று ஹேண்ட்லர் முடிவு கட்டிவிடும்.

அதனால் கிளாக்கைத் தொடுவதற்கு முன்னால் சாதனத்துக்குள்ளேயே இன்டரப்ட்டை மாஸ்க் செய்யுங்கள், அதாவது அது தட்டாதபடி அடைத்துவிடுங்கள். அப்புறம் சிங்க்ரனைஸ்_ஐஆர்க்யூ போட்டு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை காத்திருங்கள். அந்த சிங்க்ரனைஸுக்கு முன்பே, சாதனம் தூங்குகிறது என்று ஒரு கொடி வைத்து, ஹேண்ட்லர் ரெஜிஸ்டரைத் தொடும் முன் அதைப் பார்க்கட்டும். பகிர்ந்த லைனில் டிஸேபிள்_ஐஆர்க்யூ போட்டு முடித்துவிடாதீர்கள், பக்கத்து சாதனத்தின் வாயையும் சேர்த்து அடைத்துவிடுவீர்கள். இவ்வளவும் சிக்கலாகத் தெரிந்தால் கிளாக்கை நிறுத்தும் வேலையை நோஐஆர்க்யூ கட்டத்துக்குத் தள்ளிவிடுங்கள், பல டிரைவர்களுக்கு அதுவே போதும்.

போர்டை எழுப்ப வேண்டும் என்பதற்காக இன்டரப்ட் கேட்கும்போதே ஐஆர்க்யூஎஃப்_நோ_சஸ்பெண்ட் கொடியைப் போடுவதை அடிக்கடி பார்க்கிறேன். அது லைனை அடைக்காமல் வைத்திருக்கும், அவ்வளவுதான். சிஸ்டத்தை எழுப்பும் என்று எந்த உறுதியும் இல்லை. எழுப்ப வேண்டுமென்றால் சஸ்பெண்டில் டிவைஸ்_மே_வேக்அப் கேட்டுப் பார்த்து, ஆம் என்றால் எனேபிள்_ஐஆர்க்யூ_வேக் போடுங்கள், ரெஸ்யூமில் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

இன்டரப்ட்டுக்கு அடுத்த ஆள், பின்னணி வேலைகளை ஓட்டும் வொர்க்க்யூ. மண் ஈரத்தைக் குறிப்பிட்ட இடைவெளியில் படிக்க, கொஞ்சம் தாமதித்து ஓடும் டிலேய்ட் வொர்க் வைத்திருப்பீர்கள். பயனர் புரோகிராம்கள் உறையும்போது அதுவும் உறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம், ஃப்ரீஸபிள் என்று சொல்லி உருவாக்காத வொர்க்க்யூ பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கேன்சல்_டிலேய்ட்_வொர்க்_சிங்க் போட்டு நிறுத்துங்கள், ஆனால் முதலில் இன்டரப்ட், அப்புறம் வொர்க். வரிசையை மாற்றினால் நீங்கள் நிறுத்திய வொர்க்கை ஹேண்ட்லர் மறுபடி கிளப்பிவிடும். அந்த வொர்க் பிடிக்கிற மியூட்டெக்ஸை, அதாவது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கும் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேன்சல் போடுவதும் கூடாது. அது மியூட்டெக்ஸுக்காக நிற்கும், நீங்கள் அதற்காக நிற்பீர்கள், போர்டு தூங்கவும் செய்யாது எழவும் செய்யாது.

உங்கள் சாதனம் ஐ2சி பஸ்ஸில் (சிப்களை இணைக்கும் இரண்டு கம்பித் தடத்தில்) இருந்தால் பஸ் உங்களுக்குப் பெற்றோர், அது உங்களுக்குப் பின்னால்தான் தூங்கும், அதில் கவலை இல்லை. வால்வின் லைன் கூடுதல் பின்கள் தரும் சிப்பான ஜிபிஐஓ எக்ஸ்பாண்டரில் இருந்தால்தான் சங்கடம், அந்த உறவு கர்னலுக்குத் தானாகத் தெரிய வேண்டும் என்பதில்லை. போர்டில் உள்ள சாதனங்களை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் ஒழுங்காக எழுதியிருந்தால் புதிய கர்னல்கள் பலவற்றைத் தாமே கண்டுகொள்கின்றன. இல்லையென்றால் டிவைஸ்_லிங்க்_ஆட் போட்டுச் சொல்லிவிடுங்கள், 2017-இல் வந்த 4.10 முதல் அந்த வசதி இருக்கிறது.

சரி, எழுந்திருப்பது. சஸ்பெண்டில் செய்ததைத் தலைகீழாகச் செய்தால் அது ரெஸ்யூம் ஆகிவிடாது. எஸ்2ஐடில் என்ற லேசான தூக்க முறையில் தூங்கினால் பெரும்பாலும் மின்சாரம் அறுவதில்லை, ரெஜிஸ்டர்கள் போட்டது போட்டபடி இருக்கும், டிரைவர் சரி என்றே தோன்றும். டீப் என்ற ஆழ்ந்த தூக்க முறையில் சிப்புக்கு வரும் மின்சாரமே நின்றுபோகலாம், அப்போது சாதனம் கடையில் வாங்கிய அன்று இருந்த நிலையில் எழும். ரெஜிஸ்டர் மதிப்புகளின் நகலைக் கேஷில் வைத்திருக்கக்கூடிய ரெக்மேப் என்ற கர்னல் வசதியைப் பயன்படுத்தினால் வழி சுலபம்: தூங்கும் முன் கேஷ் மட்டும் என்று மாற்றி, அழுக்கு என்று குறித்துவிட்டு, எழுந்ததும் கேஷ் மட்டும் என்பதை எடுத்துவிட்டு ரெக்கேஷ்_சிங்க் கூப்பிடுங்கள்.

இதற்குப் பயந்து சிலர், டிரைவர் சாதனத்தோடு முதலில் சேரும்போது ஓடும் புரோப் ஃபங்ஷனில் இருக்கும் ஆரம்ப ஏற்பாடு முழுவதையும் ரெஸ்யூமிலிருந்து அப்படியே கூப்பிடுகிறார்கள். இது இன்னும் மோசம். தோப்புகளில் பேட்டரி மிச்சம் பண்ண லாட்சிங் வால்வு போடுவார்கள், ஒரு பல்ஸ் கொடுத்தால் திறக்கும், எதிர்ப் பல்ஸ் வரும்வரை திறந்தே இருக்கும், நடுவில் மின்சாரம் தேவையில்லை. போர்டு தூங்கினாலும் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும். அந்த ஆரம்ப ஏற்பாட்டில் பாதுகாப்புக்காக எல்லா வால்வையும் மூடு என்று ஒரு வரி இருந்தால் என்ன ஆகும்? போர்டு எழும் ஒவ்வொரு முறையும் பாசனம் பாதியில் நிற்கும். தோப்புக்காரர் போன் போட்டு, “ஏனுங்க தம்பி, பாதியிலயே தண்ணி நின்னு போச்சுங்களே” என்பார், நீங்கள் பைப்பையும் ஃபில்டரையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். சிப் மறந்தது வேறு, வெளியே உள்ள வால்வின் நிலை வேறு. ரெஜிஸ்டரைத் திரும்ப எழுதுங்கள், வால்வைத் தொடாதீர்கள்.

சஸ்பெண்டில் தோல்வி வந்தால் அது உங்களோடு முடிவதில்லை, பிழை திருப்பினால் மொத்த சிஸ்டமும் தூங்காது. எனவே உண்மையிலேயே தூங்கக் கூடாத நிலைக்கு மட்டும் ஈபிஸி (வேலையாக இருக்கிறேன் என்ற பிழை எண்) திருப்புங்கள். அப்படித் தோற்ற சாதனத்துக்குக் கர்னல் ரெஸ்யூம் கூப்பிடாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. பாதி செய்ததை அந்த ஃபங்ஷனே அவிழ்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

சிஸ்டம் ஓடும்போதே சும்மா இருக்கும் சாதனத்தை மட்டும் தூங்க வைக்கும் ரன்டைம் பிஎம்மும் இருந்தால் இரண்டு விஷயம். பிஎம்_ரன்டைம்_கெட்_சிங்க் தோற்றாலும் சாதனத்தின் பயன்பாட்டு எண்ணிக்கையை ஏற்றிவிடும், எரர் பாதையில் அதை இறக்காமல் விட்டால் சாதனம் அப்புறம் தூங்கவே தூங்காது. 5.10 கர்னல் முதல் இருக்கும் பிஎம்_ரன்டைம்_ரெஸ்யூம்_அண்ட்_கெட் அந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும், அதையே எழுதுங்கள். இன்னொன்று, சிஸ்டம் தூங்கப் போகும்போது உங்கள் சாதனம் ஏற்கெனவே ரன்டைமில் தூங்கியிருக்கலாம். அதைப் பார்க்காமல் கிளாக்கை மறுபடி நிறுத்தினால் கணக்குப் பிசகும். பிஎம்_ரன்டைம்_ஃபோர்ஸ்_சஸ்பெண்ட், ஃபோர்ஸ்_ரெஸ்யூம் ஜோடி எளிய டிரைவர்களுக்கு அதைச் சமாளிக்கும்.

சோதிப்பதில்தான் நிறையப் பேர் சுருக்கமாக முடித்துக்கொள்கிறார்கள். கர்னலின் தூக்கச் சோதனைக் கோப்பான பிஎம்_டெஸ்ட்டில் டிவைசஸ் என்று எழுதித் தூங்கச் சொன்னால் கர்னல் சாதனங்களைத் தூங்க வைத்து, 5 விநாடி பொறுத்து எழுப்பும். ஆனால் அது லேட், நோஐஆர்க்யூ கட்டங்களுக்குப் போகாது, அதற்கு பிளாட்ஃபார்ம் என்று எழுத வேண்டும். இரண்டுமே மின்சாரத்தை உண்மையில் அறுக்காது, ரெஜிஸ்டர் மறக்கும் பிழை இதில் அகப்படாது. அதைப் பிடிக்க டீப் முறையில், குறித்த நேரத்தில் எழுப்பும் ஆர்டிசிவேக் கமாண்டை வைத்து ராத்திரி முழுக்கத் தூங்க விட்டு எழுப்பிக்கொண்டே இருங்கள், கர்னல் வரியில் நோ_கன்சோல்_சஸ்பெண்ட் சேர்த்து சீரியல் லாக்கைச் சேமியுங்கள். போர்டு சும்மா இருக்கும்போது மட்டும் சோதித்தால் இன்டரப்ட் சண்டை எதுவும் வெளியே வராது, எனவே சென்சார் படித்துக்கொண்டிருக்கும்போதும், வால்வுக்குப் பல்ஸ் போகும் சமயத்திலும் தூங்கச் சொல்லுங்கள். காலையில் லாக்கோடு சேர்த்து, அந்தச் சாதனத்தின் ரன்டைம்_யூசேஜ் எண்ணையும் பாருங்கள், யாரும் பயன்படுத்தாத நேரத்தில் அது ஜீரோவுக்குத் திரும்பியிருக்க வேண்டும்.