கல்லூரி வளாகத்தில் வில்லும் களியலும்: மேடை போடுமுன் பார்க்க வேண்டியவை

கலைவிழா நிரலில் வில்லுப்பாட்டுக்குப் பெரும்பாலும் கிடைப்பது 15 நிமிடம், அதுவும் இரண்டு சினிமா நடனங்களுக்கு நடுவே. காப்புப் பாடி, குருவை வணங்கி, அவையடக்கம் சொல்லி முடிப்பதற்குள் அந்த நேரம் போய்விடும். கதை தொடங்கியே இருக்காது. பிள்ளைகளுக்கோ 'வில்லுப்பாட்டு என்றால் சாமி கும்பிடுவதுதான் போல' என்று தோன்றிவிடும். வில்லுக்குக் குறைந்தது 75 நிமிடம், கம்படித்து வட்டமாக ஆடும் களியலுக்கு 30 நிமிடம். அவ்வளவு ஒதுக்க முடியாவிட்டால் இரண்டில் ஒன்றை மட்டும் வையுங்கள்.

முதலில் நாள். குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தொடங்கும் தென்மேற்கு ஓய்ந்த கையோடு அக்டோபரில் வடகிழக்கு வந்துவிடும். திறந்தவெளி நிகழ்ச்சிக்கு ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுவரை நல்ல காலம். கிழமையும் முக்கியம். அம்மன் கோயில் கொடைகள், அதாவது ஊர்த் திருவிழாக்கள், செவ்வாய், வெள்ளியில்தான் அதிகம் வரும். அன்றைக்கு நல்ல வில்லுக் குழு எதுவும் சும்மா இருக்காது. புதனோ வியாழனோ பாருங்கள். பங்குனி, சித்திரை வந்துவிட்டால் அதுவும் கிடைக்காது. களியல் குழுக்கள் பல கல்குளம், விளவங்கோடு பக்கத்துத் தேவாலயங்களைச் சேர்ந்தவை என்பதால் டிசம்பரில் அவர்களை எதிர்பார்க்க வேண்டாம். மண்டைக்காட்டுக் கொடை, சுசீந்திரம் தேர், கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கெல்லாம் உள்ளூர் விடுமுறை விடுவார்கள், அதையும் காலண்டரில் பார்த்துவிடுங்கள்.

குழுவைத் தேட இணையத்தைவிடக் கொடை நோட்டீஸ் மேல். எந்தக் குழு, எந்த ஊர் என்று அதிலேயே அச்சடித்திருக்கும். பழைய நோட்டீஸ் பத்து சேர்த்துப் பார்த்தால், திரும்பத் திரும்ப அழைக்கப்படும் குழு எது என்று தெரிந்துவிடும். களியலுக்குத் தேவாலயப் பங்குப் பேரவை ஆட்களைக் கேளுங்கள்.

பேச உட்காரும்போது கதையை முடிவு செய்துவிட வேண்டும். இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கொடையில் வில்லுப்பாட்டு என்பது சாமியை வரவழைக்கும் பாட்டு. உடுக்கையின் வேகம் ஏறுகிற கட்டத்தில் கூட்டத்தில் யாருக்காவது அருள் வருவது அங்கே இயல்பு. கல்லூரி அரங்கிலும் அது நடக்கும். அந்தக் கட்டங்களை விட்டுவிட்டுப் பாட முடியுமா என்று குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவியிடம் நேராகவே கேளுங்கள், அவருக்குப் புரியும். சில கதைகள் கொலையும் சாதிப் பகையும் சேர்ந்தவை; எந்த ஊரில் எதைப் பாடக்கூடாது என்பதும் அவருக்குத்தான் தெரியும். தெய்வக் கதையே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன் காந்தியின் வரலாற்றையே வில்லில் பாடியவர். என்ன வேண்டும் என்பதை ஒரு மாதம் முன்னால் சொன்னால் குழு புதிதாகப் பாட்டுக் கட்டிவிடும். முந்தின வாரம் சொன்னால் பழைய மெட்டில் நாலு வரி ஒட்டித் தருவார்கள், அவ்வளவுதான்.

மேடை உயரம் ஒன்றரை அடி போதும். பாடுவோர் தரையில் உட்கார்ந்து பாடுகிறவர்கள். மேடையை 4 அடிக்குத் தூக்கி, முன்னால் நாற்காலி போட்டுவிட்டால் முன்வரிசைக்குத் தாளத்துக்குத் தட்டும் குடம் தெரியாது. வில் 7, 8 அடி நீளம் வரும். இரண்டு பக்கமும் வலம், இடம் பாடுவோர் உட்கார வேண்டும். 14 அடி அகலம், 10 அடி ஆழம் தேவை. பெஞ்சுகளை அடுக்கி மேடை போடாதீர்கள். வைக்கோலைத் திரித்துச் செய்த புரிமணைமேல் குடம் அமர்ந்திருக்கும், அதன் கழுத்தில் வில் சாய்த்துக் கட்டியிருக்கும். பெஞ்சு ஆடினால் குடமும் ஆடும், நாணும் இளகும், வில்லில் தொங்கும் மணிகள் தாளம் தப்பிக் குலுங்கும். தரை கெட்டியாக இருந்தால் மேடையே வேண்டாம், தடித்த ஜமக்காளம் போதும்.

ஒலிபெருக்கிக்காரர் வழக்கம்போல வில்லுக்குப் பக்கத்தில் மைக் வைப்பார். வைக்க விடாதீர்கள். நாணை அடிக்கும் வீசுகோலும் மணியும் மைக் இல்லாமலே மண்டபம் நிறையக் கேட்கும். மைக்கும் வைத்துவிட்டால் மணிச்சத்தம் சொல்லை விழுங்கிவிடும். காணாமல் போவது குடத்தின் 'கும்'தான். குட்டை ஸ்டாண்டில் ஒரு மைக்கைக் குடத்தின் வாய்க்கு அரை அடி தள்ளி, குடத்தைத் தட்டும் மட்டையை வீசும் கையில் படாதபடி பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். அண்ணாவிக்கு ஒன்று, பின்பாட்டுக்கு இரண்டு, உடுக்கைக்கு ஒன்று: மொத்தம் 5 மைக். மரமேடை என்றால் ஸ்டாண்டுகளுக்கு அடியில் சாக்கை மடித்துப் போடுங்கள், இல்லையென்றால் மேடையின் அதிர்ச்சி மைக்கில் ஏறும். ஸ்பீக்கர் பெட்டிகள் பாடுவோருக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். பின்னால் போனால் மைக் கூவும். ஈரக்காற்று அடிக்கிற நாளில் உடுக்கைத் தோல் தொய்ந்துபோகும், சூடு காட்டித்தான் சரிசெய்வார்கள். அரங்குக்குள் தீ கூடாது என்றால் வெளியே ஓர் இடம் காட்டிவிடுங்கள்.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. பகலிலும் முன்அனுமதி வேண்டும், காவல் நிலையத்தில் மனு கொடுத்துவிடுங்கள். ஆனால் 10 மணிவரை போகவும் தேவையில்லை. குலசேகரம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் போகிற பிள்ளைகளுக்கு பஸ் வேண்டும். 3 மணிக்கு வில், நாலரைக்குக் களியல், 5.15-க்கு முடிவு என்பது சரியாக வரும்.

களியலை மேடையில் ஏற்றவே கூடாது. குத்துவிளக்கைச் சுற்றி வட்டமாக ஆடுகிற ஆட்டம் அது. மேடையில் ஏற்றினால் முன்னால் நிற்கிறவர்களின் முதுகுதான் தெரியும். முற்றத்தில் ஆடட்டும். 10 பேர் கம்போடு நாலரை அடி இடைவெளியில் நின்றால் வட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ 14 அடி வரும். கம்பு வீச்சுக்கும் துள்ளலுக்கும் இரண்டு பக்கமும் 3 அடி சேர்த்து 20 அடி. அதற்கு வெளியே 5 அடி தள்ளிக் கயிறு கட்டுங்கள். கம்பு கைநழுவிப் பறப்பது உண்டு. ஆடுகிறவர்கள் வெறுங்காலில் ஆடுவார்கள். சிமெண்ட் கல் பதித்த முற்றம் 4 மணிவரை சுடும், தண்ணீர் தெளித்தால் வழுக்கும். புல்தரையோ, சரல் பொறுக்கிய மண்தரையோ தேடுங்கள். விளக்கை மணல் பரப்பிய தாம்பாளத்தில் வைத்து, திரியைத் தடியாகத் திரித்துப் போட்டால் காற்றுக்கு நிற்கும். ஆட்டத்தைப் பார்க்க நல்ல இடம் மாடி வராந்தாதான். கைப்பிடிச் சுவரில் யாரும் ஏறி உட்காராமல் இருக்க இரண்டு பேரை நிறுத்துங்கள்.

சாப்பாடு 12.30-க்கே கொடுத்துவிட வேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே பாட முடியாது. மேடையில் ஐஸ் தண்ணீர் பாட்டில் அடுக்காதீர்கள், பிளாஸ்க்கில் வெந்நீரும் சுக்குக் காப்பியும் போதும். பொன்னாடை எல்லாம் கடைசியில், கலைஞர்களுக்கே முதலில். சிறப்பு விருந்தினர் பேச்சை வில்லுக்கு முன் வைத்தால் கதையின் நேரத்தில்தான் கைவைப்பார்.

பணம்: அலுவலகம் வழியாகக் காசோலை என்றால் வங்கிப் புத்தக நகலை முன்னமே வாங்கி, தொகை எந்த நாளில் வரும் என்று சொல்லிவிடுங்கள். வண்டி வாடகையையாவது அன்றைக்கே ரொக்கமாகக் கொடுங்கள். முன்பணத்தை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து அண்ணாவி கையில் கொடுப்பதுதான் முறை. கவரைக் கல்லூரிப் பையன் ஒருவனிடம் கொடுத்தனுப்புவது மரியாதை இல்லை. வீடியோ எடுத்து யூடியூபில் போடுவதாக இருந்தால் அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். நிகழ்ச்சி முடிந்து சாமான் ஏற்றும்போது உதவுகிறேன் என்று பிள்ளைகள் குடத்தில் கைவைக்க வேண்டாம். தட்டித் தட்டி நாதம் பார்த்து எடுத்த குடம். விரிசல் விட்டால் சந்தையில் சோற்றுப்பானை வாங்கி ஈடுகட்ட முடியாது.