கேமிங் கணினியில் ப்ராசசர் கொதிக்கிறதா? சூடு தேங்கும் இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

விளையாடிக்கொண்டிருக்கும்போது காட்சி திக்கித் திணறுவதும், விசிறிகள் இரைச்சலிடுவதும், சில நேரம் கணினி தானாகவே அணைந்துபோவதும் ப்ராசசர் அளவுக்கு மீறிச் சூடேறுவதன் வழக்கமான அறிகுறிகள். பலரும் உடனே புதிய கூலர் (ப்ராசசரைக் குளிர்விக்கும் சாதனம்) வாங்கிவிடுகிறார்கள். பழையதில் குறையே இல்லாதபோதும் வாங்குகிறார்கள். ப்ராசசரில் பிறக்கும் சூடு தெர்மல் பேஸ்ட் (ப்ராசசருக்கும் கூலருக்கும் இடையே பூசும் பசை), கூலரின் அடித்தகடு, அதன் அலுமினியத் தகடுகள், கேபினெட்டுக்குள் உள்ள காற்று என்று கைமாறிக் கைமாறித்தான் அறைக்கு வந்து சேர்கிறது. இந்த வழியில் அது எங்கே தேங்குகிறது என்பதை, வெப்பநிலை ஏறும் விதத்தை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அதற்கு முன், இருப்பது உண்மையிலேயே கோளாறுதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பல ப்ராசசர்கள், முழுச் சுமையில் 95 டிகிரி செல்சியஸ் வரை சென்று அங்கேயே நின்று இயங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. இன்டெலின் அண்மைக்கால டெஸ்க்டாப் ப்ராசசர்களில் பெரும்பாலானவற்றுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி அல்லது அதை ஒட்டிய அளவு. அதைத் தொட்டதும் அவை தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். எல்லாக் கோர்களையும் (ப்ராசசருக்குள் தனித்தனியே வேலை செய்யும் அலகுகள்) பிழிந்தெடுக்கும் வீடியோ ரெண்டரிங்கில் இந்த எண்களை எட்டுவது வேறு, விளையாட்டில் எட்டுவது வேறு. பெரும்பாலான விளையாட்டுகள் ப்ராசசரை முழுமையாக வேலை வாங்குவதில்லை என்பதால், விளையாடும்போதே வரம்பைத் தொடுகிறது என்றால் கவனித்தே ஆக வேண்டும்.

எச்டபிள்யூ இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளைத் திறந்து, ப்ராசசரின் வெப்பநிலை, அது இழுக்கும் வாட், விசிறியின் சுழற்சி வேகம் ஆகிய மூன்றையும் கண்முன் வைத்துக்கொள்ளுங்கள். கணினி சும்மா இருக்கும்போது உள்ள எண்களைக் குறித்துக்கொண்டு, பிறகு ப்ராசசரை முழுச் சுமையில் ஓட்டிப் பார்க்கும் சினிபெஞ்ச் மென்பொருளின் மல்ட்டி கோர் சோதனையைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, வெப்பநிலை எப்படி ஏறுகிறது என்று பாருங்கள்.

எந்த வேலையும் கொடுக்காமல், கணினியைப் போட்ட சில நிமிடங்களிலேயே 80, 90 என்று ஏறினால், கூலரின் விசிறியோ பம்ப்போ ஓடவில்லை என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஏதாவது ஒரு ஒயர் விசிறியின் இதழில் சிக்கியிருக்கலாம், அல்லது இணைப்பு கழன்றிருக்கலாம். நீர்க்குளிர்ச்சிக் கூலரில் ஒரு குழாய் நன்கு சுட்டு மற்றொன்று குளிர்ந்தே இருந்தால், உள்ளே நீர் ஓடவில்லை என்று பொருள். பம்ப் செத்துவிட்ட மூடிய வகைக் கூலரைப் பிரித்துப் பழுதுபார்க்க முயல்வதில் பயனில்லை. அதை மாற்றிவிடுவதே நல்லது.

சோதனை தொடங்கிய ஓரிரு நொடிகளுக்குள் 40 டிகிரியிலிருந்து 95-க்குத் தாவி, நிறுத்தியதும் அதே வேகத்தில் இறங்கினால், சூடு ப்ராசசரிலிருந்து கூலருக்குச் சரியாகக் கடக்கவில்லை, அல்லது மின்சாரமே மிகையாகப் பாய்கிறது. வாட் எண் ப்ராசசரின் குறிப்பிட்ட அளவுக்குள் இருக்கிறதா? அப்படியானால் கூலரைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் கணினியை ஓட்டி, பேஸ்ட் சற்று இளகியபின் அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். ஏஎம்டி ப்ராசசர்களுக்கான ஏஎம்4 சாக்கெட் வகை மதர்போர்டுகளில் கூலரை நேராக மேலே இழுத்தால் ப்ராசசரும் அதனோடு ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வந்து பின்கள் வளையக்கூடும். ஆகவே இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பிடி விட்ட பிறகே தூக்க வேண்டும்.

தூக்கியதும் துடைத்துவிடாமல், பேஸ்ட் பதிந்திருக்கும் தடத்தைப் பாருங்கள். ஒரு மூலையில் தடித்தும் எதிர்மூலையில் படாமலும் இருந்தால், திருகுகள் சமமாக முறுக்கப்படவில்லை. காய்ந்து பொடிந்திருந்தால் பேஸ்ட்டின் ஆயுள் முடிந்துவிட்டது. அடித்தகட்டில் பாதுகாப்புக்காக ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் அப்படியே இருப்பதும் உண்டு. நானே அந்தத் தாளை உரிக்க மறந்து, ஒரு வாரம் பயாஸைக் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளைக் கவனிக்கும் மென்பொருள்) குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இரு பரப்புகளையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடைத்து உலரவிட்டு, நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட் வையுங்கள். அகன்ற ப்ராசசராக இருந்தால் சற்றுக் கூடுதலாக வைக்கலாம். திருகுகளை ஒரு மூலை, அதன் எதிர்மூலை என்று மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் சில சுற்றுகளாக முறுக்க வேண்டும்; ஒன்றை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் தகடு சாய்ந்துவிடும்.

வாட் எண்ணே மிகையாக இருந்தால் பேஸ்ட்டை மாற்றிப் பயனில்லை. கோர் ஐ9-13900கே ப்ராசசரின் அடிப்படை மின்அளவு 125 வாட், வேகத்தைக் கூட்டி ஓடும்போது எட்டும் டர்போ உச்சம் 253 வாட். சில மதர்போர்டுகள் இந்த வரம்பைத் தாமாகவே தளர்த்திவிடுகின்றன. பயாஸில் அதை உரிய அளவுக்கு மீட்டுவையுங்கள். ரைசனில் மின்அளவைக் குறைக்கும் ஈகோ மோடை இயக்கினால் 170 வாட் தர ப்ராசசரை 105 அல்லது 65 வாட் தரத்துக்கு இறக்கலாம். விளையாட்டில் இதனால் குறையும் வேகம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது.

சோதனையைப் பத்து நிமிடத்துக்கு மேலும் ஓடவிட்டால், கால் மணி நேரம், இருபது நிமிடம் என்று மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும் சூடு, கேபினெட்டின் காற்றோட்டக் குறையைக் காட்டுகிறது. சோதனை ஓடும்போதே பக்கவாட்டுக் கதவைக் கழற்றிப் பாருங்கள். வெப்பநிலை சட்டென எட்டு, பத்து டிகிரி இறங்கினால் காரணம் உறுதி. கணினியை அணைத்துவிட்டு முன்பக்க வடிகட்டியைத் தட்டிக் கழுவி உலர்த்துங்கள். கூலரின் விசிறியைக் கழற்றினால், அதன் பின்னே தகடுகளின் இடைவெளியில் தூசி கம்பளம்போல் படிந்திருப்பதைக் காணலாம். வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியாது. காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டுப்பாடின்றிச் சுழன்றால் பேரிங் கெடக்கூடும். விசிறியில் குறுக்குச் சட்டம் உள்ள பக்கமே பொதுவாகக் காற்று வெளியேறும் பக்கம் என்பதை நினைவில் வைத்து, முன்னால் உள்ளவை காற்றை உள்ளிழுக்கின்றனவா, பின்னாலும் மேலும் உள்ளவை வெளியே தள்ளுகின்றனவா என்றும் சரிபாருங்கள்.

விசிறி வேகத்தைப் பயாஸில் கூட்டுவதைக் கடைசிக்கு விட்டுவிடலாம்; முதலிலேயே கூட்டினால் கோளாறு இரைச்சலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே சோதனையை, அறை வெப்பநிலை ஏறத்தாழ அதேயளவு இருக்கும் வேளையில், அதே பத்து நிமிடத்துக்கு ஓட்டி முதலில் குறித்த எண்களோடு ஒப்பிடுங்கள். இத்தனையும் செய்தபின் வாட் வரம்புக்குள்ளேயும் விளையாட்டில் உச்சத்தைத் தொட்டால், அப்போது பெரிய கூலருக்குச் செலவழிக்கலாம்.