சீன மாணவர்களை அழைக்கும் ஆங்கிலப் பள்ளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் ஆங்கிலப் பயிற்சிப் பள்ளி நடத்துவோர் சீன மாணவர்களைத் தேடிச் சோர்ந்துபோவதற்குப் பாடத்தின் தரம் காரணமாவது குறைவு. பள்ளியின் குரல் அங்குள்ள வீடுகளை எட்டாமலே போவதுதான் பெரும்பாலும் காரணம்.

இணையதளத்திலிருந்தே தொடங்கலாம். யூடியூபும் ஃபேஸ்புக்கும் சீனாவில் 2009 முதல் முடக்கப்பட்டுள்ளன. கூகுள் சேவைகளும் அங்கே திறப்பதில்லை. வகுப்பறைக் காட்சியை யூடியூபிலிருந்து எடுத்து ஒட்டி, வழிகாட்டக் கூகுள் வரைபடம் வைத்து, விண்ணப்பத்தின் அடியில் 'நான் ரோபோ அல்ல' என்ற கூகுள் கட்டத்தையும் சேர்த்த பக்கத்தைச் சீன நகரமான செங்டுவில் ஒரு தாய் திறந்தால், காணொளி இருக்க வேண்டிய இடம் வெறுமையாகத் தெரியும். எல்லாவற்றையும் நிரப்பிய பிறகும் படிவம் போய்ச் சேராமல் நின்றுவிடக்கூடும். பள்ளியோ, சீனாவில் நமக்கு வரவேற்பில்லை என்று முடிவு கட்டிவிடுகிறது. சீனாவில் இருக்கும் ஒருவரைக் கொண்டு பக்கத்தை ஒருமுறை திறந்து பார்க்கச் சொன்னாலே இந்தத் தவறு பிடிபட்டுவிடும். விந்தை என்னவென்றால், விளம்பரத்துக்குப் பணம் செலவழிப்பவர்கள்கூட இதைச் செய்வதில்லை.

சீன மொழியில் துண்டறிக்கை அச்சிடுவோர், தைவானிலும் ஹாங்காங்கிலும் வழங்கும் பழைய எழுத்துகளைச் சீனப் பெருநிலத்துக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. அங்கே எளிமையாக்கப்பட்ட எழுத்துகளே புழக்கம்.

மாணவருக்கு மட்டும் பதில் சொல்வது அடுத்த தவறு. பணம் கட்டுவோர் பெற்றோர். அவர்கள் மின்னஞ்சலைவிட, சீனர்கள் பயன்படுத்தும் செய்திச் செயலியான வீசாட்டில் கேட்பதையே விரும்புவார்கள். பெய்ஜிங்கில் இரவு எட்டு மணி, வேலை முடிந்து பேச நேரம் கிடைக்கும் பொழுது. லண்டனில் அது குளிர்காலத்தில் நண்பகல் 12, கோடையில் பிற்பகல் 1, அதாவது அலுவலகம் சாப்பாட்டுக்கு எழுந்துபோகும் வேளை. அந்த ஒரு மணி நேரத்துக்கு ஆள் வைக்காத பள்ளி, நாள் முழுவதும் திறந்திருந்தும் பயனில்லை. மகள் தங்கப்போகும் வீட்டிலிருந்து பள்ளிக்கு எவ்வளவு தூரம், வகுப்பில் ஏற்கெனவே எத்தனை சீனர்கள், இரவில் உடம்புக்கு முடியாமல் போனால் யாரை அழைப்பது என்றெல்லாம் கேட்கும் தாய்க்குக் கற்பித்தல் முறையின் பெருமையை விளக்கி எழுதுவது, கேட்டதற்குப் பதிலாகாது.

பருவத்தைத் தவறவிடுவதும் எளிதில் நேர்கிறது. கல்லூரி நுழைவுத் தேர்வான காவ்காவ் ஜூன் 7-இல் தொடங்குகிறது, கோடை விடுமுறை ஜூலை, ஆகஸ்டில் வருகிறது. அந்த ஜூனில் விளம்பரம் செய்தால் விசாவுக்கே நேரம் போதாது. குடும்பம் கூடும் சீனப் புத்தாண்டை ஒட்டிய வாரங்களுக்குள் விலைப்பட்டியல் கையில் இருந்தால் யோசிக்க அவகாசம் கிடைக்கும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, கைவசமில்லாத வாக்குறுதி. பிரிட்டனில் ஆறு மாதம் வரையிலான படிப்புக்குப் பார்வையாளர் விசா போதும். பதினாறு வயது நிரம்பியவர் அதற்கு மேல் பதினொரு மாதம் வரை ஆங்கிலம் பயிலக் குறுகியகாலப் படிப்பு விசா உண்டு. இரண்டிலும் வேலை பார்க்க அனுமதியில்லை. இதைப் பள்ளி வெளிப்படையாக எழுதாவிட்டால், கமிஷனுக்கு உழைக்கும் முகவர் 'பகுதிநேர வேலை கிடைக்கும்' என்றோ ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் மதிப்பெண் உறுதி என்றோ சொல்லிவிடலாம். ஆகவே முகவர் சீன மொழியில் வெளியிடும் விளம்பரத்தை, அந்த மொழி அறிந்த பள்ளியின் சொந்த ஊழியர் ஒருவர் வரி வரியாகப் படித்த பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்.